பச்சைத் திரை வந்த காலைகள்

மழை பெய்த மறுநாள் காலையில்தான் அந்த போன் வரும். கரமனையிலிருந்து பஸ் பிடித்து வழுதக்காட்டில் இறங்கி, ஆபீஸ் வாசலில் நான் குடையை உதறிக்கொண்டிருக்கும்போதே உள்ளே மணி அடிப்பது கேட்கும். எடுத்தால் தேயிலை எஸ்டேட்டிலிருந்து, அங்கே கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்த பெண் பேசுவாள்.

“சேச்சி, இன்னைக்கும் பச்சை.”

அதற்குமேல் அவள் எதுவும் சொல்லவேண்டியதில்லை. அவளுடைய கம்ப்யூட்டர் திரை வழக்கமாக நீல நிறத்தில் இருக்கும். அதில் இரண்டு சின்னப் படங்கள். ஒன்றை அழுத்தினால் காலையில் வேலைக்கு வந்தவர்களின் பெயரைப் பதியலாம். இன்னொன்றில் ஒவ்வொருவரும் பறித்த கொழுந்தின் எடையைப் பதியலாம். பச்சை வந்த நாளில் இரண்டு படங்களும் இருக்காது. கம்பெனியின் சின்னம் பொறித்த பச்சைத் திரை, நடுவே சரக்கு இருப்பைக் காட்டும் ஒரே ஒரு படம், அவ்வளவுதான். கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டால் சில நாள் நீலம் திரும்பி வரும். சில நாள் வராது.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. தோட்டங்கள் வைத்திருந்த ஒரு பழைய கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள் நான். எங்கள் அக்ரஹாரத் தெருவில் என் வேலை என்னவென்று யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அம்மா அடுத்த வீட்டு மாமியிடம், “இவ கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாக்கறா” என்று சொல்லி முடித்துவிடுவாள். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

எஸ்டேட் பொன்முடிக்குப் போகும் வழியில், விதுராவைத் தாண்டி, மலைச்சரிவில் இருந்தது. அங்கே ஒரு சர்வர். நகரத்து ஆபீஸில் இன்னொரு சர்வர். இரண்டையும் ஒரு டெலிபோன் கம்பி இணைத்தது. காலையில் ஒருவர் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் அடிக்கும்போது, இரண்டு சர்வரில் எது முதலில் பதில் சொல்கிறதோ அதுதான் அவரை உள்ளே விடும். அந்தத் திரையில் என்ன தெரியலாம், எதைத் திறக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதையெல்லாம் ஒரு கோப்பில் எழுதி இரண்டு சர்வரிலும் வைத்திருப்போம். அதற்குப் பாலிசி என்று பெயர். நகரத்து சர்வரில் நான் அதை மாற்றினால், ராத்திரியோடு ராத்திரியாக அதன் நகல் தானாகவே எஸ்டேட்டுக்குப் போய்ச் சேரவேண்டும். அந்தக் கோப்பை முதலில் எழுதியவள் நான்தான். ஆபீஸில் எல்லோரும் கம்ப்யூட்டரில் சீட்டாட்டம் ஆடுகிறார்கள் என்று மேனேஜர் குறைப்பட்டதால் எழுதியது. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தலைகீழாகத் தெரியும். அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே பாலிசி மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. முதலில் அவளுடைய பழைய அமைப்புகள் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, போனிலேயே ஒவ்வொன்றாகச் சொல்லி எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வைத்தேன். அடுத்த மழைக்கு மறுபடி பச்சை. யாரோ ஃப்ளாப்பியில் வைரஸ் கொண்டுவந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். வெளியிலிருந்து ஒரு ஃப்ளாப்பிகூட வரவில்லை என்றாள். ஹார்ட் டிஸ்க் போகிறதோ என்று பார்த்தேன். இல்லை.

இதெல்லாம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், என் அண்ணா கல்யாணத்துக்காக நான் லீவில் இருந்தபோது, கொச்சியிலிருந்து ஒரு கன்சல்டன்ட் வந்து இரண்டு மூன்று நாள் சர்வரில் வேலை பார்த்துவிட்டுப் போயிருந்தார். திரும்பி வந்தபோது நகரத்து ஆபீஸ் திரைகளெல்லாம் பச்சையாகி, கம்பெனிச் சின்னத்தோடு இருந்தன. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று மாற்றச் சொன்னதாக மேனேஜர் சொன்னார். என்னிடம் கேட்காமல் செய்தது மனத்தை உறுத்தியது. ஆனால் நிறம்தானே என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் போனில் அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. லயத்தில் இந்தப் பச்சைத் திரையைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது என்றாள். லயம் என்பது தொழிலாளிகள் வரிசையாகக் குடியிருக்கும் வீடுகள். அவளும் அங்கேதான் பிறந்து வளர்ந்தவள். அவள் அம்மா கொழுந்து பறிப்பவள். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, நெடுமங்காட்டில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, லயத்திலிருந்து ஆபீஸுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் இவள். இப்போது ஜனங்கள் காலையில் வேலைக்குப் போகுமுன் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்க்கிறார்களாம். பச்சை என்றால் ஒன்றும் பேசாமல் போய்விடுகிறார்களாம். அவர்களில் அவள் அம்மாவும் ஒருத்தி.

“நீ பேப்பர்ல எழுதி வச்சு அப்புறம் ஏத்திடறேதானே? அதைச் சொல்லேன்” என்றேன்.

“சொன்னேன் சேச்சி. ஆனா அவங்களுக்கு என்னமோ தெரிஞ்ச மாதிரி இருக்கு. எனக்குத்தான் தெரியல.”

நேரில் போகிறேன் என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் மெதுவாகப் பேசுகிறவர். யார் போனாலும் முதலில் சாயா வரவழைத்துக் கொடுப்பார். அன்றும் கொடுத்தார். அவ்வளவு தூரம் போகவேண்டுமா, இங்கிருந்தே ஆகாதா என்று இரண்டு தடவை கேட்டார். ஆகாது என்றேன். அப்படியென்றால் போய் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டு வந்துவிடு, அங்கே தங்கவேண்டாம் என்றார். மழைக்காலத்து ரோட்டைப் பற்றிய அக்கறை என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

தம்பானூரில் முதல் பஸ் ஏறினேன். நெடுமங்காடு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. விதுராவில் எஸ்டேட் ஜீப் காத்திருந்தது. டிரைவர் வண்டியை எடுத்ததும், மேலேயிருந்து எதையாவது எடுத்துக்கொண்டுபோக வந்தேனா என்று கேட்டார். ரிப்பேர் பார்க்க வந்தேன் என்றேன். அவர் கண்ணாடியில் ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு, ரிப்பேர் பார்க்கிறோம் என்றுதான் போன மாதம் ஃபேக்டரியில் கொழுந்தை உருட்டும் ரோலர் ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், இன்னும் திரும்பி வரவில்லை என்றார். வளைவுக்கு வளைவு மூடுபனி கூடிக்கொண்டே வந்தது. ஹெட்லைட் போட்டும் முன்னால் பத்தடி தெரியவில்லை. ஒரு வளைவில் எதிரே தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு சில பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். ஜீப் கடந்து போகும்வரை அவர்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது.

எஸ்டேட் மேனேஜரின் பங்களா பூட்டியிருந்தது. மகளின் காலேஜ் விஷயமாகக் கோட்டயம் போனவர் இன்னும் வரவில்லை என்றார்கள். டிஸ்பென்சரிக் கதவிலும் பூட்டு. ஆபீஸில் டீமேக்கர் இருந்தார். ஃபேக்டரியில் தேயிலை தயாரிப்பதை மேற்பார்க்கும் வயதான மனிதர், பீருமேட்டுப் பக்கத்துக்காரர். வணக்கம் சொல்லிவிட்டு, இப்போதெல்லாம் கீழேயிருந்து எது கேட்டாலும் வருவதில்லை, நீங்கள் வந்ததே ஆச்சரியம் என்றார்.

அவளை அன்றுதான் நேரில் பார்த்தேன். போனில் கேட்ட குரலுக்கு நான் நினைத்ததைவிடச் சின்னவளாக இருந்தாள். சுவெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டிருந்தாள். திரை பச்சையாக இருந்தது.

“மூணு தடவை அணைச்சுப் போட்டேன். நீங்க வாறீங்கன்னு அப்படியே விட்டுட்டேன்” என்றாள்.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பக்கத்து அறையில் சர்வர் இன்னும் முழுதாக எழுந்திருக்கவில்லை, தன் டிஸ்க்கைத் தானே சோதித்துக்கொண்டிருந்தது. ராத்திரி மழையில் கரண்ட் போயிருக்கிறது. யு.பி.எஸ். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. புதிய பேட்டரி கேட்டு அவள் எத்தனையோ தடவை சொல்லியும் அனுப்பவில்லை. அதனால் கரண்ட் போகும்போதெல்லாம் சர்வர் திடீரென்று அணைந்து, காலையில் ஜெனரேட்டர் போட்டதும் நொண்டி நொண்டி எழுந்திருக்கிறது. அதற்குள் பெரட்டுக்களத்தில், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், ஆட்கள் கூடிவிடுகிறார்கள். பேர் போடவேண்டும் என்று அவள் அவசரமாகக் கம்ப்யூட்டரைத் திறக்கிறாள். எஸ்டேட் சர்வர் பதில் சொல்லவில்லை. நகரத்து சர்வர் கம்பி வழியாகப் பதில் சொல்கிறது. அது சொல்வது பச்சை.

சர்வர் முழுதாக எழுந்த பிறகு அவளை மறுபடி நுழையச் சொன்னேன். நீலம் வந்தது. இரண்டு படங்களும் அதனதன் இடத்தில் இருந்தன. அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு சர்வரிலும் ஒரே பாலிசி இருந்தால், யார் பதில் சொன்னாலும் ஒரே திரைதான் வரவேண்டும். நகல் இங்கே வந்து சேராமல் எங்கேயோ நின்றுபோயிருக்கிறது.

அதையும் பார்த்தேன். கோப்புகளை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் வேலைக்கென்று தனியாக ஒரு கணக்கு இருக்கும். அதன் பாஸ்வேர்டை நகரத்தில் யாரோ மாற்றியிருக்கிறார்கள். இங்கே மாற்றவில்லை. அன்றிலிருந்து எஸ்டேட் சர்வர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது. கன்சல்டன்டின் கவனக்குறைவுதான். இங்கேயும் பாஸ்வேர்டை மாற்றிவிட்டால் கொஞ்ச நேரத்தில் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும்.

மாற்றுவதற்கு முன், நகரத்து சர்வரில் இருந்த புதிய பாலிசியை ஒரு தடவை திறந்து பார்த்தேன். பழக்கத்தால்தான் பார்த்தேன். நிறம், சின்னம் எல்லாம் சரி. கீழே எஸ்டேட் ஊழியர்களுக்கான பகுதிக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. அவர்கள் திறக்கக்கூடியவை என்று நான் போட்டிருந்த பேர் போடுவதும் கொழுந்து எடையும் அந்தப் பட்டியலில் இல்லை. சரக்கு இருப்பு மட்டும் இருந்தது. அந்தப் படத்துக்குள்ளேயே திறக்கும்படி இன்னொன்றும் சேர்த்திருந்தார்கள். இயந்திரங்களை வெளியே அனுப்புவதற்கான பதிவு. ரப்பர் தோட்டத்துக்கு, கோடவுனுக்கு, நகரத்து ஆபீஸுக்கு நான் எழுதியதெல்லாம் எழுதியபடியே இருந்தது. இந்த ஒரு இடத்தில் மட்டும் கை வைத்திருந்தார்கள். இது கைதவறி நடந்ததில்லை. ஆட்களின் பெயரும் வேண்டாம், கொழுந்தும் வேண்டாம், மிச்சமிருக்கும் சரக்கையும் இயந்திரத்தையும் மட்டும் பார்த்தால் போதும் என்று யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்தது.

வெளியே மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் அம்மா வந்திருந்தாள். நான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று மகள் சொல்லியனுப்பியிருக்கிறாள். அவித்த மரச்சீனிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சட்னியும் கொண்டுவந்திருந்தாள். மெலிந்த, உயரமான பெண். காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் கோடாக வழிந்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. சாப்பிடும்மா, ஆறிப்போகும் என்றாள். என் முகத்தைப் பார்த்தாளே தவிர திரையைப் பார்க்கவில்லை.

இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மேனேஜருக்கு போன் செய்தேன். லைன் கரகரத்தது. இரண்டு பாலிசியும் வேறு வேறாக இருக்கின்றன, எது சரியென்று தெரியவில்லை என்றேன்.

“பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?” என்று மலையாளத்தில் கேட்டார்.

ஆபரேட்டர் இருக்கிறாள் என்றேன்.

“அப்படியென்றால் நான் சொல்வதைக் கேட்டுக்கொள். ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொல். இங்கே இருக்கிறதுதான் சரி. அதை அங்கே போட்டுவிட்டு சாயங்கால பஸ்ஸைப் பிடித்து வா. புரிந்ததா?”

“ஆமா சார். ஆனா பேர் எதுல பதியறது?”

“அது இனி வேண்டிவராது.”

அதைச் சொன்னபோதும் அவர் குரல் மாறவில்லை. சாயா கொண்டுவரச் சொல்லும்போது இருக்கும் அதே மெதுவான குரல். அங்கே யாரிடமும் எதுவும் பேசிக்கொண்டிருக்காதே, சின்னப் பிள்ளைகள், வீணாகப் பயப்படுவார்கள் என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

நானும் ரிசீவரை வைத்தேன். அவளுக்கு நான் பேசிய பாதிதான் கேட்டிருக்கும். அந்தப் பாதியே போதுமானதாக இருந்திருக்கிறது.

“எங்களை எடுத்துட்டாங்க, அல்லே சேச்சி?” என்றாள்.

“ரெண்டு படத்தைத்தான் எடுத்திருக்கா.”

“அது ரெண்டும்தானே நாங்க.”

அவள் அம்மா சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தாள். மூடி சரியாக உட்காராமல் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தாள். டீமேக்கர் வாசலில் வந்து நின்றார். அவருக்கு ஏற்கெனவே தெரியுமோ என்று நினைத்தேன். ரோலரைக் கழற்றிக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் பாதிதான் தெரிந்திருந்தது என்று பட்டது. பாதி தெரிந்தவர்களாகச் சேர்த்து வைத்துத்தான் அந்த இடத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

மூன்று பேரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். பாலிசியில் என்ன பார்த்தேன், மேனேஜர் என்ன சொன்னார், பாஸ்வேர்டை மாற்றினால் என்ன ஆகும், மாற்றாவிட்டால் என்ன ஆகும் என்று சொன்னேன். எஸ்டேட்டை மூடப்போகிறார்கள் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, அது நானாக எண்ணிக்கொள்வது என்பதையும் சொன்னேன். அவள் அம்மா நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எப்போ என்று. அது அதில் எழுதியிருக்கவில்லை.

“நீங்க சரி பண்ணத்தானே வந்தீங்க” என்றாள் அந்தப் பெண். “இப்போ எதைச் சரின்னு சொல்லுவீங்க?”

நான் நகலை வரவிடவில்லை. பாஸ்வேர்டைத் தொடவில்லை. அவளுடைய கம்ப்யூட்டர் எத்தனை நேரமானாலும் எஸ்டேட் சர்வர் பதில் சொல்லும்வரை காத்திருக்கும்படியும், நகரத்தைக் கேட்காதபடியும் மாற்றிவைத்தேன். இனிமேல் பச்சை வராது என்றேன். ஆனால் இதனால் எதுவும் நிற்கப்போவதில்லை, வேறு யாராவது வந்து மாற்றிவிடுவார்கள் என்றும் சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினாள். நான் ஜீப்பில் ஏறியபோது அவள் அம்மா லயத்தை நோக்கி வேகமாகப் போய்க்கொண்டிருந்தாள். ஓடவில்லை, ஆனால் அந்த வயதில் அவ்வளவு வேகமாக யாரும் நடந்து நான் பார்த்ததில்லை. பனிக்குள் மறைந்துவிட்டாள்.

மறுநாள் மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். மாற்றவில்லை, எழுத்தில் கொடுத்தால் யோசிக்கிறேன் என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் சாயா வரவழைத்தார். அங்கே யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார். அவள் அம்மா என்ன கேட்டாள் என்று கேட்டார். நான் சொல்லவில்லை. ரொம்ப நல்லது, போய் வேலையைப் பார் என்றார். அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்று வீட்டுக்கு வந்து ஆற்றங்கரைப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா தேடிக்கொண்டு வந்து, என்னடி ஆச்சு நோக்கு என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

அடுத்த வாரம் நான் ஆபீஸில் பெயரடித்து நுழைந்தபோது என் திரையிலும் எதுவும் இல்லை. பச்சையும் சின்னமும், கீழே ஒரு கடிகாரமும் மட்டும்தான். சர்வர் அறைச் சாவி வேறு யாரிடமோ போயிருந்தது. யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. சம்பளம் வந்தது, நாற்காலி இருந்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் நான் வந்தால் பேச்சை நிறுத்தினார்கள். சர்வர் அறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அந்த வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாலைந்து வாரம் பொறுத்தேன். பிறகு நானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குள் மேலே நடந்ததை அவள் விதுரா பூத்திலிருந்து என் பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். கன்சல்டன்ட் ஒரு காரில் வந்திருக்கிறார், அவருக்குப் பின்னால் காலி லாரி ஒன்று. ஃபேக்டரி வாசலில் லயம் முழுக்க உட்கார்ந்திருந்ததாம். யாரும் கத்தவில்லை, கொடி பிடிக்கவில்லை. மழையில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் அம்மா முதல் வரிசையில் இருந்தாளாம். கார் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. லாரிக்குத் திருப்ப இடமில்லாமல் கீழே இருக்கும் வளைவுவரை ரிவர்ஸிலேயே இறங்கியதாம். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“ஜெயிச்சுட்டீங்க” என்றேன்.

“தெரியல சேச்சி. போகும்போது லாரிக்காரன் எங்களைப் பாவமா பார்த்தான்.”

அவன் பார்த்தது சரிதான். கம்பெனி அதற்கப்புறம் எதுவும் செய்யவில்லை. மூடுகிறோம் என்று சொல்லவில்லை, நடத்தவும் இல்லை. எஸ்டேட் மேனேஜர் கோட்டயத்திலிருந்து திரும்பவேயில்லை. ஒரு நாள் ஜீப்பும் டிரைவரும் இல்லை. டீமேக்கர் தன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கீழே நடந்து போனார். டெலிபோனைத் துண்டித்தார்கள். ஃபேக்டரி நின்றது. கேட்க ஆளில்லாத இடத்தில் அவர்கள் தாங்களாகவே கொழுந்து பறித்து, ஆளுக்கொரு பங்காக வண்டி பிடித்து, வேறொரு ஃபேக்டரிக்கு விற்கத் தொடங்கினார்கள். அவள் தினமும் ஆபீஸைத் திறந்து நீலத் திரையில் பேரையும் எடையையும் பதிந்துகொண்டிருந்தாள். எந்த உத்தரவும் வந்து சேராத சர்வர், நான் பழைய நாளில் எழுதிய பாலிசியை வைத்துக்கொண்டு அவளை ஒவ்வொரு காலையும் உள்ளே விட்டது.

நான் நகரத்துக்கு வெளியே, கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தேன். கண்ணாடிக் கட்டடம், ஏ.சி., நூற்றுக்கணக்கான திரைகள். அவள் மாதத்துக்கு ஒரு தடவை விதுரா பூத்திலிருந்து கூப்பிடுவாள். அடுத்த மழைக்காலத்தில் ஒரு தடவை கூப்பிட்டு, சர்வருக்குள் பல்லி கத்துகிற மாதிரி டக் டக்கென்று சத்தம் வருகிறது என்றாள். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். முடிந்ததையெல்லாம் இப்போதே ஃப்ளாப்பியில் எடுத்து வைத்துக்கொள், ராத்திரி அதை அணைக்காதே, அணைத்தால் எழுந்திருக்காமல் போகலாம் என்றேன். கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்டாள். அதற்குப் பிறகு போன் வரவில்லை.

சில வருடம் கழித்து, ஆபீஸ் நண்பர்களோடு வேனில் பொன்முடிக்குப் போனேன். திரும்பும் வழியில், எல்லோரும் சாயா குடிக்க நின்ற இடத்திலிருந்து எஸ்டேட் பாதை பிரிந்தது. அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன். தேயிலைச் செடிகள் வெட்டாமல் விட்டதில் மரங்களாக வளர்ந்து பாதையை மூடியிருந்தன. ஃபேக்டரிக் கூரையில் தகரமில்லை, வெறும் சட்டங்கள் நின்றன. ஆபீஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஆட்டுப்புழுக்கையும் ஒரு உடைந்த நாற்காலியும் கிடந்தன.

லயத்தில் பாதி வீடுகளில் கதவில்லை. மீதியில் புகை வந்தது. அவள் அம்மா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னதும் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். மகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் இருக்கிறாளாம். நல்லா இருக்கா, கம்ப்யூட்டர்தான் என்றாள். கூப்பிடுகிறாள், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன் என்றாள். வீட்டை விட்டு ஒரு நாள் வெளியே போனாலும் திரும்பி வரும்போது அது இருக்குமோ இருக்காதோ என்று பயமாம். போன வருஷம் ஒரு குடும்பம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தபோது அவர்கள் வீட்டு ஓடுகள் இல்லை.

கிளம்பும்போது அவள் கூடவே கொஞ்ச தூரம் வந்தாள். பாதை திரும்பும் இடத்தில் நின்று, கீழே ஓடைப்பக்கம் கையைக் காட்டினாள். ரெண்டு வாரமாக அங்கே சில ஆட்கள் வருகிறார்களாம். மூன்று கால் வைத்த ஒரு கருவியை நட்டுப் பார்க்கிறார்கள், மரத்துக்கு மரம் சிவப்புப் பெயின்ட் அடிக்கிறார்கள்.

“யாருன்னு கேட்டோம். சொல்லல. நீ படிச்சவ, உனக்கு ஏதாச்சும் தெரியுமாம்மா?”

நிலத்தை அளக்கிறார்கள் என்பது புரிந்தது, யாருக்காக என்று எனக்குத் தெரியாது என்றேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. மேலே ரோட்டில் வேன் ஹாரன் அடித்துக் கூப்பிட்டது. நான் ஏறிப் போகும்போது பார்த்தேன், பாதையின் இரண்டு பக்கமும் மரங்களில் சிவப்பு வட்டங்கள் இருந்தன. வரும்போது நான் அவற்றைப் பார்க்கவில்லை. சில வட்டங்களில் பெயின்ட் இன்னும் காயாமல் வழிந்துகொண்டிருந்தது.